ஒருமுறை கேட்டால் போதும்

பலெர்மோவில் வீட்டு வேலைக்குப் போகிற எங்கள் பெண்களுக்குச் சிசிலிக்காரரோடு பழகிக்கொள்ள அதிக நாள் எடுக்காது. அதுகளும் எங்களைப் போலத்தான். கதவைத் திறந்த உடனே சாப்பிட்டாயா என்று கேட்கும். சாப்பிட்டேன் என்றால் நம்பாது, தட்டில் போட்டு முன்னால் வைத்துவிடும். கோபம் வந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கக் கத்தும். பிறகு கட்டிப்பிடித்துக் கன்னத்தில் கொஞ்சும். புருசனுக்கு என்ன சம்பளம், ஏன் ஒரு பிள்ளையோடு நிறுத்திவிட்டாய், முகம் ஏன் வாடிக் கிடக்கிறது, ஒன்று விடாமல் கேட்கும். நாங்களும் கேட்போம். நான் இந்த ஊரில் படிக்கட்டுக் கழுவ வந்து எத்தனையோ வருடமாகிறது, வேலை தந்த ஒரு வீட்டுக்காரச் சிஞ்ஞோராவோடும் எனக்கு வந்த மனத்தாங்கல் ஒரு கிழமையைத் தாண்டியதில்லை.

என் சிநேகிதி அகஸ்ரீனாவுக்கு வேலைக்கு வாய்த்தவர் இங்கிலாந்துக்காரர். பெம்பர்ட்டன் என்று பெயர். இங்கே பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மனைவி இந்த ஊர்க்காரி, செத்துக் கனகாலம். பிள்ளைகள் இல்லை. பொலித்தேயாமாவுக்கும் துறைமுகத்துக்கும் நடுவில், போர்கோ வெக்கியோச் சந்தையை ஒட்டினாற்போல இருக்கிற பழைய கட்டடம் ஒன்றில் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். அந்தக் கட்டடத்தின் படிக்கட்டு என்னுடைய வேலை. அவருக்கு ஆள் தேவை என்று வாசல்காரன் சொன்னபோது அகஸ்ரீனாவைக் கூட்டிக்கொண்டு போய் விட்டதும் நான்தான்.

அகஸ்ரீனா மன்னார்ப் பக்கம், பேசாலை. நான் வடமராட்சி. அவள் மாதாவைக் கும்பிடுவாள், நான் பிள்ளையாரைக் கும்பிடுவேன், ஞாயிற்றுக்கிழமை மலைக்கு ஏறி, இந்த ஊர்ப் புனிதை சாந்தா றொசாலியாவை இரண்டு பேருமாகக் கும்பிடுவோம். எங்கள் வீட்டுக்கு மேல்வீடு அவளுடையது. புருசன் ஸ்ரனிஸ்லாஸ் வுச்சீரியாவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறான். நல்ல பெடியன், வாய்தான் கொஞ்சம் கூட. அவர்களுக்கு ஒரே மகள், கத்தரீனா. வீட்டில் ரீனா. மூன்று வயதில் அவளைப் பேசாலையில் தன் தமக்கை லூர்துவிடம் விட்டுவிட்டு அகஸ்ரீனா புருசனிடம் வந்தாள். ஒரு வருடத்தில் எடுத்துவிடலாம் என்றுதான் வந்தாள். வந்த பிறகுதான் தெரிந்தது, பிள்ளையை எடுக்கப் பதிந்த வேலை வேண்டும், கொன்ராத்தோ என்கிற ஒப்பந்தம் வேண்டும், அளவான வீடு வேண்டும். கட்டிப்பிடித்துக் கொஞ்சுகிற சிஞ்ஞோராக்கள் ஒருத்தியும் அவளைப் பதியவில்லை. அடுத்த மாதம் பார்ப்போம் தங்கமே என்று கையில் காசை வைத்து அனுப்பிவிடுவார்கள். அப்படியே ரீனாவுக்குப் பதினேழு வயதாகிவிட்டது. பதினெட்டு முடிந்தால் அவள் பிள்ளை இல்லை, எடுக்க முடியாது. அதுதான் இங்கத்தைச் சட்டம்.

பெம்பர்ட்டன் முதல் நாளே கொன்ராத்தோ போட்டார். அவள் கேட்கக்கூட இல்லை. அன்றைக்கு அவள் படியிறங்கி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது.

"மலரக்கா, அந்த மனுசன் என்னை நீங்கள் எண்டு கதைக்கிறார் அக்கா. இந்த ஊரிலை என்னை ஒருத்தரும் அப்பிடிக் கதைச்சதில்லை."

"கடவுள்தான் காட்டினது. கெட்டித்தனமா வைச்சிரு," என்றேன்.

வைத்திருப்பதுதான் பெரும் பாடாகிவிட்டது. அந்த மனிதரிடம் எழுதாத சட்டம் ஒரு கட்டு இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் இந்தச் சந்தடிக்குள் இருந்தும் ஒரு துளி அவரில் ஒட்டவில்லை. இரவு இருமினீர்களே சேர், நெஞ்சு நோகிறதா என்று அவள் ஒருநாள் கேட்டாள். "மிக்க நன்றி, நான் நலம்," என்றுவிட்டு அன்று முழுக்க அவள் இருக்கிற அறைக்குள் அவர் வரவில்லை. இன்னொரு நாள் பாரை மீன் வாங்கிச் சொதி வைத்துக்கொண்டு போனாள். எவ்வளவு அன்பு, எவ்வளவு அன்பு என்று நாலு தடவை சொன்னார். ஒரு கரண்டி தொடவில்லை. எங்கள் வழக்கத்தில் அவள் இன்னும் கொஞ்சம் எடுங்கோ என்று வற்புறுத்த, அவருக்குக் காது மடல் சிவந்துவிட்டதாம்.

"ஒருக்கா வேண்டாம் எண்டா வேண்டாம்தான் அக்கா," என்று எனக்கு விளக்கினாள். "ரெண்டாந்தரம் கேட்டா அது அவையளுக்கு மரியாதைக் குறைவு."

"அதென்ன கோதாரி? எங்கடை ஆக்கள் முதல்தரம் வேண்டாம் எண்டு சொல்லுறதே மரியாதைக்குத்தானே. மூண்டாந்தரம் கேட்டாப் பிறகுதானே வாயைத் திறப்பினம்."

"அதைத்தான் சொல்லுறன். இவர் அப்பிடி இல்லை. ஒருக்காக் கேக்கோணும். பேந்து விட்டிடோணும்."

இப்படி ஒவ்வொன்றாகப் பழகினாள். மழை, வெயில், காற்று, இவை பற்றி எவ்வளவும் கதைக்கலாம். உடம்பைப் பற்றிக் கதைக்கக்கூடாது. மூடிய கதவைத் தட்டலாம், தள்ளக்கூடாது. மனைவியின் படத்துக்கு முன்னால் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றால் காணாத மாதிரிப் போய்விட வேண்டும். வீட்டு நடைவழியில் எதிரே வந்தால் அவரும் மன்னிப்புக் கேட்பார், இவளும் கேட்க வேண்டும். சந்தைக்குப் போனால் பாண் கடையில் இல்லாத வரிசையில் போய் நிற்பார். போர்கோ வெக்கியோ பெண்கள் அவரைத் தாண்டித் தாண்டிப் பாணை வாங்கிக்கொண்டு போவார்கள். அவர் நிற்பார். அவருக்காக ஒருநாள் அகஸ்ரீனா சண்டைக்குப் போக, வெட்கத்தில் பாணே வாங்காமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

கடைசியாக நடந்ததுதான் பெரிய விஷயம். மாரி முடிந்த நேரம், சந்தைத் தெரு மீன் தண்ணீரில் வழுக்கும். சாளை மீன் தட்டுக்குப் பக்கத்தில் சறுக்கி விழுந்துவிட்டார். பெரிய அடி ஒன்றும் இல்லை. ஆனால் அகஸ்ரீனா எங்கள் ஊரில் கத்துகிற மாதிரிக் கத்தினாள். "ஐயோ மாதாவே, சேர், சேர்!" அவ்வளவுதான். மீன்காரன் கதிரை கொண்டுவந்தான். ஒருத்தி தண்ணீர், ஒருத்தி ஐஸ்கட்டி, இன்னொருத்தி சப்பாத்தைக் கழற்றிக் காலைத் தேய்க்கிறாள். புரொபசோரே, புரொபசோரே என்று அரைத் தெரு கூடிவிட்டது. அந்த மனிதர் பிணம் மாதிரி வெளுத்துப்போய் நடுவில் இருந்தார். அது நோவுக்கு அல்ல என்று எனக்கு அன்றைக்கே விளங்கியது.

வீட்டுக்குப் போய் அவளைக் கூப்பிட்டிருக்கிறார். குரல் உயரவில்லை. "அகஸ்ரீனா, இப்படி இனி ஏதாவது நடந்தால் நீங்கள் ஆரவாரம் செய்யாமல் இருந்தால் நான் மிகவும் நன்றியுள்ளவனாக இருப்பேன்." மூன்று நாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் வீட்டுக்கு வந்து குசினி நிலத்தில் இருந்து அழுதாள். ஸ்ரனிஸ்லாஸ் வேலைக்குப் போக வெளிக்கிட்டவன் திரும்பி வந்தான்.

"இஞ்சை பார், உனக்குச் சொல்லுறன். வீடு அளவானது எண்டு தாற அந்த வீட்டுக் கடதாசி மட்டும்தான் இனி வரவேணும். அது வந்த உடனை ரீனாவின்ரை விண்ணப்பத்தைப் போட்டிடலாம். அதுவரைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு இரு. அந்தாள் நில் எண்டா நில், இரு எண்டா இரு. விளங்குதோ?"

"விழுந்த மனுசனைப் பாத்துக்கொண்டு நிக்கச் சொல்லுறியளே?"

"ஓம், நில்லு! உன்ரை பிள்ளை வேணுமோ வேண்டாமோ?"

நான் குறுக்கே வாய் வைத்தேன். "உவன் சொல்லுறதும் சரிதான் பிள்ளை, கொஞ்ச நாளைக்குத்தானே," என்றேன்.

எங்கள் வீட்டுக்கு மேலே இருந்த அந்த வீடு ரீனாவுக்காகப் புதிதாகப் பார்த்தது. இரண்டு அறை. சின்ன அறைக்கு ஸ்ரனிஸ்லாஸ் கபோச் சந்தையில் ஒரு பழைய கட்டில் வாங்கித் தோளில் சுமந்துகொண்டு வந்து, ஒரு ஞாயிறு முழுக்கத் தேய்த்து வெள்ளை அடித்தான். அகஸ்ரீனா அதற்கு ஒரு விரிப்பு விரித்து வைத்திருந்தாள். ஒருத்தரும் படுக்கிறதில்லை. ஆனாலும் கிழமைக்கு ஒருதரம் விரிப்பைத் துவைத்துப் போடுவாள்.

சிரோக்கோ அடித்த நாள் அது. ஆபிரிக்காப் பக்கமிருந்து வருகிற அந்தக் காற்று அடித்தால் ஊர் அடுப்பு மாதிரிக் காயும், படி முழுக்கச் சிவத்த தூள் படியும். நான் வாளியோடு ஏறிக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாடிக் கதவைத் திறந்துகொண்டு அகஸ்ரீனா வந்தாள். கையில் அவருடைய சேட் ஒன்று, இஸ்திரிப்பெட்டியால் பாதி அழுத்தினபடி.

"மலரக்கா, சேருக்கு இண்டைக்கு என்னவோ மாதிரிக் கிடக்கு."

"என்ன மாதிரி?"

"காலைமை தேத்தண்ணி குடுத்தனான். கோப்பை கையாலை நழுவி விழுந்திட்டுது. வாய் ஒரு பக்கம் எப்பன் இழுத்த மாதிரி. கதைக்கேக்கை சொல்லு வழுக்குது."

"டொக்டருக்குப் போன் அடிச்சியே?"

"கூப்பிடட்டோ சேர் எண்டு கேட்டனான். வேண்டாம், ஒண்டுமில்லை, கொஞ்சம் களைப்பு எண்டார். ஆரவாரம் வேண்டாம் எண்டார். போய்க் கதவைச் சாத்திட்டார்."

"பேந்து கேட்டனியே?"

"இல்லை."

"ஏன்டி?"

"வேண்டாம் எண்டு சொல்லிட்டாரெல்லோ."

எனக்கு வந்த கோபத்துக்கு வாளியை அவள் தலையில் கவிழ்த்திருப்பேன். "அறுந்துபோவாளே, வாய் இழுத்திருக்கு எண்டும் சொல்லுறாய், வேண்டாம் எண்டவர் எண்டும் சொல்லுறாய். போய்க் கதவைத் தள்ளு."

"கத்தாதேங்கோ அக்கா, அவருக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்!"

"உங்களுக்கென்ன, நீங்கள் படியைக் கழுவிப்போட்டுப் போயிடுவியள். நான் உள்ளை போய், அந்த மனுசன் உடுப்பு மாத்திக்கொண்டு நிண்டு, நாளையிலையிருந்து வரவேண்டாம் எண்டா? கடதாசி இன்னும் வரேல்லை அக்கா. ரீனாவுக்கு இனி எத்தினை நாள் கிடக்கு? சந்தையிலை நான் ஒருக்கால் அவற்றை முறையை மீறினனான். ரெண்டாந்தரம் மீற எனக்கு ஏலாது." பிறகு தனக்குத்தானே சொல்லுகிற மாதிரிச் சொன்னாள். "கதவிலை காதை வைச்சுக் கேட்டனான். குறட்டை விடுறார். நல்ல நித்திரை. நித்திரை கொண்டா எல்லாம் சரிவரும்."

உள்ளே போய்விட்டாள். நான் கீழ்ப்படி வரைக்கும் கழுவிக்கொண்டு இறங்கினேன். மனம் கேட்கவில்லை. வாளியை அப்படியே வாசலில் போட்டுவிட்டு ஏறினேன், வீட்டுக் கதவு சாத்தாமல் கிடந்தது. அகஸ்ரீனா அந்த அறைக் கதவுக்கு முன்னால் நின்றாள். தட்டுவதற்குத் தூக்கின கை தூக்கினபடி நின்றது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ தெரியாது. அழுத்தின சேட்டெல்லாம் மேசையில் மடித்து அடுக்கியிருந்தது. நான் அவளை விலத்திவிட்டுக் கதவைத் தள்ளினேன்.

அவர் கட்டிலில் இல்லை. கட்டிலுக்கும் யன்னலுக்கும் நடுவில் கிடந்தார். ஒரு கண் திறந்திருந்தது. அந்தக் கண் அகஸ்ரீனாவைத்தான் பார்த்தது. குறட்டை மட்டும் வந்துகொண்டேயிருந்தது.

அப்போதுதான் அவள் கத்தினாள். அந்தக் கட்டடம் முழுக்கக் கதவு திறந்தது.

ஆசுபத்திரியில் ஒரு பெண் டொக்டர், எங்களை மாதிரிக் கறுத்துக் களைத்த முகம். எப்போது தொடங்கியது என்று கேட்டார். காலையில் என்று அகஸ்ரீனா உண்மையைச் சொன்னாள். டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

"காலையிலிருந்தா? பிறகு என்ன செய்துகொண்டிருந்தீர்கள் சிஞ்ஞோரா?"

"நித்திரை எண்டு நினைச்சன். குறட்டை கேட்டது."

"அது நித்திரைக் குறட்டை இல்லை," என்றார் டொக்டர். உடனே கொண்டுவந்திருந்தால் பேச்சையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார். அகஸ்ரீனா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகும் தலை ஆடிக்கொண்டேயிருந்தது.

இங்கிலாந்திலிருந்து சேருடைய தங்கையின் மகள் வந்தாள். நடுத்தர வயது, மெலிந்த, வடிவான பெண். பெம்பர்ட்டனை இனி அங்கே ஒரு பராமரிப்பு இல்லத்துக்குக் கொண்டுபோகிறார்கள், வீட்டை மூடுகிறார்கள் என்று வாசல்காரன் சொன்னான். நாங்கள் மூன்று பேரும் போனோம். ஸ்ரனிஸ்லாஸ் பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சேட் போட்டிருந்தான். போகிற வழியெல்லாம் அகஸ்ரீனாவுக்குப் பாடம் நடத்தினான்.

"முதல் மன்னிப்புக் கேள். அவ ஏசட்டும். ஏசி முடியட்டும். மனுசர் ஏசினாப் பிறகு இளகுவினம். அப்ப நான் கதைக்கிறன்."

அந்தப் பெண் ஏசவில்லை. எங்களை இருத்தித் தேத்தண்ணீர் தந்தாள். பால் வேண்டுமா என்று கேட்டாள். அகஸ்ரீனா மன்னிப்புக் கேட்க வாயெடுத்த உடனே அவளுடைய கையை இலேசாகத் தொட்டாள்.

"தயவுசெய்து உங்களை நீங்களே குற்றம் சொல்லாதீர்கள். மாமா உங்களைப் பற்றி மிக நன்றாக எழுதுவார். யாரும் தன்னைத் தொந்தரவு செய்வதை அவர் விரும்பியதில்லை. நீங்கள் அவர் விருப்பத்தை மதித்தீர்கள். நாங்கள் நன்றியுள்ளவர்களாக இருக்கிறோம்."

உண்மையாகவே சொன்னாள். அவள் கண்ணில் பகை இல்லை. கோபமே இல்லாத ஆளிடம் எங்கே பிடித்துக் கெஞ்சுவது? ஸ்ரனிஸ்லாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு தனக்குத் தெரிந்த இத்தாலியனில் ஆரம்பித்தான். மகளைப் பற்றிச் சொன்னான். வயதைச் சொன்னான். வேலைக் கொன்ராத்தோவைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தாமல் விட்டால் போதும், சம்பளமே வேண்டாம், விண்ணப்பம் போட்ட உடனே நிறுத்திவிடலாம் என்றான்.

"மிகவும் வருந்துகிறேன்," என்றாள். "மாமா இங்கே இல்லாதபோது அவர் வீட்டில் ஒருவர் வேலை செய்வதாக எழுதுவது சரியாக இருக்காது."

"சிஞ்ஞோரா, கொஞ்ச நாள்தான்."

"மன்னிக்கவேண்டும். உண்மையிலேயே முடியாது."

"அது ஒரு பிள்ளை சிஞ்ஞோரா. பதினாலு வருசம்..." அவன் கதிரையிலிருந்து இறங்கி நிலத்தில் முழங்காலில் நின்றான். எங்கள் ஊரில் மூன்றாம் தரம் கேட்டால், அதுவும் இப்படிக் கேட்டால், கல்லும் கொஞ்சம் அசையும். அந்தப் பெண்ணின் முகம், கழுத்து எல்லாம் இரத்தமாகச் சிவந்தது. எழும்பி நின்றாள். எங்களைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டு, வந்ததற்கு மிக்க நன்றி என்றாள்.

"எழும்புங்கோ," என்றாள் அகஸ்ரீனா புருசனிடம். "எழும்புங்கோ, அவவை வெக்கப்படுத்தாதேங்கோ."

படியில் இறங்கும்போது ஸ்ரனிஸ்லாஸ் அவளைத் தள்ளிவிட்டான். நடுவில் நான் நின்றபடியால் அவள் விழவில்லை. "கதவு பூட்டாமல்தானே கிடந்தது," என்று கத்தினான். "ஒரு கதவு! தள்ளத் தெரியாதோ உனக்கு?" நான்தான் அவனைப் பேசினேன். வாயைப் பொத்திக்கொண்டு இரு என்று சொன்னது யார் என்று கேட்டேன். அவன் படியிலேயே இருந்து தலையில் அடித்துக்கொண்டான்.

அடுத்த கிழமை வீட்டுக் கடதாசி வந்தது. என்னத்துக்கு? நானும் அகஸ்ரீனாவும் போர்கோவில், கபோவில், எனக்குத் தெரிந்த படிக்கட்டெல்லாம் ஏறி இறங்கினோம். சிஞ்ஞோராக்கள் கதையைக் கேட்டு அழுதார்கள். ஒருத்தி அகஸ்ரீனாவை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு பை நிறைய அரஞ்சீனே, பொரித்த சோற்றுருண்டை, தந்துவிட்டாள். வேலையும் தருகிறேன் என்றாள். கொன்ராத்தோ என்றவுடன், அடுத்த மாதம் பார்ப்போம் தங்கமே என்றாள். ரீனாவுக்கு அடுத்த மாதம் இல்லை.

பிள்ளைக்கு யார் சொல்வது? ஸ்ரனிஸ்லாஸ் என்னால் முடியாது என்றுவிட்டான். ரீனாவின் பதினெட்டாம் பிறந்தநாள் கழிந்த ஞாயிறு, பூசை முடிந்து வந்து, அகஸ்ரீனா என்னைக் கூப்பிட்டாள். "பக்கத்திலை இருங்கோ அக்கா. அவள் அழத் தொடங்கினா எனக்குத் தாங்காது." போனை மேசையில் சீனிப் போத்தலில் சாத்தி வைத்தாள். படத்தில் ரீனா வந்தாள். குளித்துத் தலை விரித்திருந்தாள். தாயின் மூக்கு, தாயின் நெற்றி. பின்னால் பேசாலை வீட்டு நீலச் சுவர்.

அகஸ்ரீனா எல்லாவற்றையும் சொன்னாள். சேர் விழுந்ததை, கதவை, முழங்காலில் நின்றதை. சொல்லி முடித்துவிட்டு, அடி விழப்போகிறதைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் மாதிரி இருந்தாள்.

"பரவாயில்லையம்மா," என்றாள் ரீனா.

"ரீனா, நான் வேணுமெண்டு செய்யேல்லை மோனை."

"எனக்குத் தெரியும்தானே. நீங்கள் கவலைப்படாதேங்கோ. நான் இஞ்சை நல்லா இருக்கிறன். நீங்கள் சுகமா இருக்கிறியளே? அப்பா சுகமே?"

"ஏசன் பிள்ளை. என்னை ஏசு. நான் உனக்குச் செய்த வேலைக்கு..."

"எதுக்கம்மா ஏசுறது? அங்கை இப்ப சரியான வெயிலாமே?"

நான் அகஸ்ரீனாவின் கையைப் பிடித்தேன். போனுக்குள்ளே தூரத்தில் லூர்துவின் குரல் கேட்டது, சோறு போட்டாயிற்று, வா பிள்ளை என்று. ரீனா முகத்தைத் திருப்பி, "வாறன்," என்றாள். அந்த ஒரு சொல்லை அவள் சொன்ன விதம் வேறு. சிணுங்கல், செல்லம், எல்லாம் அதற்குள் இருந்தது. பிறகு எங்களுக்கு நேரே திரும்பினாள்.

"வைக்கட்டே? அம்மா கூப்பிடுறா."

எங்களோடு கதைக்கும்போதெல்லாம் லூர்துவைப் பெரியம்மா என்றுதான் அவள் சொல்வாள். சொன்னது காதில் விழுந்த உடனே அவளுக்கே தெரிந்துவிட்டது. வாய் பாதியில் நின்றது. படத்தில் அவளுடைய முகம் மெல்ல மெல்லச் சிவக்கிறதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அகஸ்ரீனா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

"போ மோனை," என்றாள். "அம்மாவைக் காக்க வைக்காதை."